மங்கலைத் துடைத்த போர்க்களம்

போனில் படம் பார்க்கும்போது பாதியில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். நாயகன் கையை வீசும் இடத்தில் நிறுத்தினால், அங்கே விரல்கள் இருக்காது. ஈரக் கையால் கோலத்தை இழுத்துவிட்டதுபோல் ஒரு தீற்றல்தான் இருக்கும். 'பிரின்ட் சரியில்லை' என்று தோன்றும். ஆனால் படத்தை மறுபடி ஓடவிட்டால் கை கையாகவே தெரியும். அந்தத் தீற்றல்தான் அசைவை நம்மை நம்பவைக்கிறது. இதற்குப் பெயர் மோஷன் ப்ளர், அசைவு மங்கல்.

இது எங்கிருந்து வருகிறது? பிலிம் கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு வட்டத் தகடு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு முழு தோசையில் பாதியை வெட்டி எடுத்துவிட்டதுபோல், அதில் ஒரு பகுதி திறந்திருக்கும். திறந்த பக்கம் வரும்போது பிலிமில் வெளிச்சம் விழும். மூடிய பக்கம் வரும்போது, அந்த இருட்டில் பிலிம் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடும். அந்தத் திறப்பு எத்தனை டிகிரி என்பதுதான் ஷட்டர் ஆங்கிள்.

கணக்கு எளிது. சினிமாவில் நொடிக்கு 24 படங்கள். திறப்பு அரை வட்டம், அதாவது 180 டிகிரி என்றால், ஒவ்வொரு படத்திலும் ஒரு நொடியில் 48-ல் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் விழும். அந்த நேரத்துக்குள் கை நகர்ந்த தூரம் முழுவதும் படத்தில் தீற்றலாகப் பதியும். திறப்பை 90 டிகிரியாகக் குறைத்தால் 96-ல் ஒரு பங்கு. 45 டிகிரி என்றால் 192-ல் ஒரு பங்கு. திறப்பு குறையக் குறைய மங்கல் குறையும், படம் துல்லியமாகும். வெளிச்சமும் குறையும்.

துல்லியம் நல்லதுதானே என்று கேட்கலாம். பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷன் படங்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 1963-ல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்தில் ரே ஹாரிஹவுசனின் எலும்புக்கூடுகள் வாள்சண்டை போடும். அபாரமான உழைப்பு. ஆனாலும் அவை வெட்டி வெட்டித்தான் அசையும். படம் எடுக்கும் நொடியில் பொம்மை அசையாமல் நிற்பதால் மங்கலே கிடையாது. 1981-ல் 'டிராகன்ஸ்லேயர்' படத்துக்காக ஃபில் டிப்பெட் குழுவினர் டிராகன் பொம்மையை, ஷட்டர் திறந்திருக்கும்போதே மோட்டார் வைத்து அசைத்தார்கள். மங்கல் வந்தது, டிராகனுக்கு உயிரும் வந்தது.

இப்படி மற்றவர்கள் பாடுபட்டுச் சேர்த்த மங்கலை, ஒரு படத்தில் வேண்டுமென்றே துடைத்து எடுத்தார்கள். 1998-ல் வந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயன்'. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, பிரான்ஸின் நார்மண்டியில் உள்ள ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படைகள் இறங்கிய காட்சி. ஒளிப்பதிவாளர் யானுஸ் காமின்ஸ்கி, போலந்தில் பிறந்தவர். ஷட்டரை 90 டிகிரிக்கும், சில இடங்களில் 45 டிகிரிக்கும் இறக்கினார். குண்டு வெடித்துக் கிளம்பும் மண், குழம்பாகத் தெரியாமல் துகள் துகளாகத் தெரிந்தது. ஓடும் வீரர்கள் வழுக்கிக்கொண்டு போகவில்லை. வெட்டி வெட்டி, துடித்துத் துடித்து ஓடினார்கள். லென்ஸ்களின் மேல்பூச்சையும் அவர் நீக்கவைத்தார். பளபளப்பான வண்ணப் படமாக அல்லாமல், அந்தக் காலத்துச் செய்திப்படம் மாதிரி வெளிறிப்போயிருந்தது திரை.

பெரிய ஆபத்தில் சிக்கியவர்கள் பிற்பாடு சொல்வதுண்டு: 'நடந்தது முழுசா ஞாபகமில்லை, ஆனா அந்த ஒரு நிமிஷம் மட்டும் கண்ணிலேயே நிக்குது.' பயம் அசைவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் கூர்மையாக்கிவிடுகிறது. காமின்ஸ்கியின் ஷட்டர் செய்ததும் அதைத்தான். போரை அழகாகக் காட்டிவிடக்கூடாது என்ற படத்துக்கு அது பொருந்தியது. அந்த ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தக் காட்சிக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் முக்கியமானவை, அதே நாளில் அதே கரையில் வீரர்களோடு இறங்கிய ராபர்ட் காப்பா, 'லைஃப்' பத்திரிகைக்காக எடுத்த புகைப்படங்கள். அவற்றில் மிகப் பிரபலமானதில், தண்ணீரில் தவழ்ந்து வரும் வீரனின் முகம் மங்கிக் கிடக்கும். 1947-ல் வந்த தன் நினைவுக் குறிப்பு நூலுக்குக் காப்பா வைத்த தலைப்பே 'லேசாக ஃபோகஸ் தப்பியது' என்ற பொருள்படும். மங்கலான படத்தைப் பார்த்து எழுந்த காட்சியில் மங்கலே இல்லை!

இது முரண் அல்ல. அசையாத புகைப்படத்தில் மங்கல் இருந்தால், எடுத்தவரின் கையோ எதிரில் இருந்தவரோ அசைந்தது தெரியும். அங்கே மங்கல்தான் பதற்றம். ஓடும் படத்திலோ மங்கல் ஒரு கட்டத்தை அடுத்த கட்டத்தோடு ஒட்டவைக்கும் பசை. அதை எடுத்தால்தான் பதற்றம். இருவரும் சொன்னது ஒரே பயத்தை; வழிதான் நேர் எதிர்.

இந்த விஷயம் இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. உச்சி வெயிலில் குழந்தை ஓடுவதைப் போனில் எடுத்தால், வெளிச்சம் அதிகம் என்று போன் தானாகவே ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக்கூடச் சுருக்கிவிடும். விளையாட்டு, போர்க்களம் போல வெட்டி வெட்டித் தெரியும். புரோ மோடு உள்ள போனில் நொடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் ஓட்டம் மென்மையாகும். வெயிலில் படம் வெளுத்துப்போகாமலிருக்க லென்ஸுக்கு முன்னால் ஒரு என்.டி. ஃபில்டர், அதாவது கேமராவுக்குப் போடும் கூலிங் கிளாஸ், தேவைப்படும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 1/50 வைத்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் மினுக்கவும் செய்யாது.

பிறந்தநாள் வீட்டு ஓட்டமா, உயிர் தப்பும் ஓட்டமா என்பது கேமராவுக்குத் தெரியாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் எடுப்பவர்தான்.