குரும்பகரத்தில் பனிச்சண்டை!

ஆனிப் பௌர்ணமியன்று காரைக்கால் வீதியில் நடப்பவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். மாடியிலிருந்து மாம்பழம் வந்து விழும்! பிட்சாடன மூர்த்தி வீதி வலம் வருகிறார். வீட்டு மாடிகளில் நிற்பவர்கள் மாங்கனிகளை வீசுகிறார்கள். கீழே எண்ணற்ற கைகள் நீளுகின்றன. கணவன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்கு இட்டுவிட்டுப் பிறகு தவித்தாரே புனிதவதியார், அந்தக் காரைக்கால் அம்மையாரின் திருவிழா இது. எனக்கும் ஒரு பழம் கிடைத்தது. கையில் அல்ல, தோளில்!

மறுநாள் தோளைத் தடவிக்கொண்டே அடுத்திருக்கும் குரும்பகரத்துக்குப் போனேன். நண்பர் ஒருவரின் பாட்டி அங்கே இருக்கிறாள்.

வயலும் வாய்க்காலுமான ஊர். ஆனாலும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பாரிஸ் நகரம் அடுத்த தெரு மாதிரி! 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசம் போய், 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்திய நிர்வாகத்துக்கு மாறிய சீமையல்லவா? பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. பாட்டியின் மூத்த மகனும் அப்படித்தான். விடுமுறைக்குப் பேத்தியும் பேரனும் வந்திருந்தார்கள்.

"குளிர்காலத்திலே பனியை உருட்டி ஒருத்தர் மேலே ஒருத்தர் எறிவோம்" என்றாள் பன்னிரண்டு வயதுப் பேத்தி.

"பனியை எப்படிடி உருட்டுறது? கையிலே ஈரந்தானே ஒட்டும்?" என்றாள் பாட்டி. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழிப் பனி!

ஜப்பானில் இதற்குப் பந்தயமே நடக்கிறதென்று நான் சொன்னேன். ஹொக்கைடோ தீவிலுள்ள சோபெட்சு என்னும் ஊரில் 1989-இல் அதைத் தொடங்கினார்கள். அணிக்கு 7 பேர். ஒரு சுற்றுக்கு 3 நிமிஷம். எறிவதற்கு 90 பனி உருண்டைகள். அடிபட்டவர் வெளியேற வேண்டும். தலைக்குக் கவசம் உண்டு. கண்காணிக்க நடுவர்களும் உண்டு.

கேட்ட பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அரை மணி நேரத்தில் களத்துமேட்டில் போர் மூண்டுவிட்டது. பனிக்குப் பதில் பழந்துணிப் பந்துகள். "படவே இல்லை" என்று யாரும் சாதிக்கக் கூடாதென்று பந்துகளை அடுப்புச் சாம்பலில் புரட்டியெடுத்தார்கள். பட்டால் சாம்பல் சாட்சி சொல்லும்!

"கல்லை உள்ளே வெச்சுச் சுத்தக் கூடாது. மூஞ்சியிலே எறியக் கூடாது" என்று பேத்தி சட்டம் வகுத்தாள்.

"பொம்பளைப் புள்ளை மேலே மெதுவாத்தான் எறியணும்" என்றான் ஒரு பையன், பெருந்தன்மையாக.

"மெதுவா எறிஞ்சா நான் ஆட்டத்துக்கு வரலை" என்றாள் அவள். சட்டத்தில் அதுவும் சேர்ந்தது.

ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது சைக்கிளில் ஒரு பால்காரர் வந்தார். "நிறுத்துடா!" என்று யாரோ கத்த, எறிய ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. அவர் கடந்து போன பிறகே போர் தொடர்ந்தது. எனக்கு லூமியேர் சகோதரர்களில் ஒருவரான லூயி 1897-இல் லியோன் நகரில் எடுத்த சின்னஞ்சிறு படம் ஞாபகம் வந்தது. பனிச்சண்டைக்கு நடுவே சைக்கிளில் வருகிறான் ஒருவன். அத்தனை பேரும் சேர்ந்து அவனை அடித்து விழ வைக்கிறார்கள். அவன் தொப்பியைக்கூட விட்டுவிட்டு வந்த வழியே ஓடுகிறான். பார்க்கச் சிரிப்புத்தான். ஆனால் ஆட்டத்தில் சேராதவனை அடிப்பது என்ன ஆட்டம்? குரும்பகரத்துப் பிள்ளைகளுக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

கடைசியில் பக்கத்துக்கு ஒருவர் மிஞ்சினார்கள். இங்கே பாரிஸ் பேத்தி. அங்கே வெள்ளைப் பனியன் போட்ட உள்ளூர்ப் பையன். அவள் எறிந்த பந்து அவன் முதுகை உரசிப் போயிற்று. பட்டதா, படவில்லையா? எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வெள்ளைப் பனியனில் வெண்சாம்பல் எப்படித் தெரியும்? சாட்சி பிறழ்ந்துவிட்டது!

"படலைடா, படலை!" என்று அவன் கட்சிக்காரர்கள் கூவினார்கள். பையன் ஒரு கணம் அவர்களைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"பட்டுச்சு" என்றான்.

தோற்ற கட்சிக்கு அவன்மேல் கோபம்தான். ஆனால் மறு ஆட்டத்துக்கு ஆள் பிரித்தபோது, "அவன் எங்க பக்கம்!" என்று இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டன. சோபெட்சுவில் நடுவர் பார்க்கும் வேலையை இங்கே அந்தப் பையனே பார்த்துவிட்டான். அவனை நம்பி யாரும் ஆடலாமே!

அந்த நேரம் பாட்டி கையில் ஒரு துணியோடு வந்தாள்.

"என் சுங்குடிப் புடவையைக் கிழிச்சது யாரு?"

களத்துமேடு நிசப்தமாயிற்று. இதற்குச் சாம்பல் சாட்சி ஏதுமில்லை. பேத்தி அந்தப் பையனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கையைத் தூக்கினாள்.

"நான்தான், பாட்டி."