தொடாத கை

சிலமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரவில் நின்றால், மேற்கே மலைத்தொடர் இருட்டினும் கரியதோர் இருட்டாக எழுந்து நிற்கும். அதற்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். அவற்றுள் ஒன்றில்தான் அப்பா முப்பதாண்டுகளுக்கு மேல் கணக்கப்பிள்ளையாக இருந்தார். வாரம் ஒருமுறை போடிமெட்டு வழியாக ஜீப்பில் இறங்கி வருவார். சட்டையில் ஏல வாசம் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் மாடியில் பாய் விரித்து எங்களுக்கு ஆறாமீனையும் அகத்திய மீனையும் காட்டுவார். ஏலக்காயைத் தரம் பிரித்துப் பழகிய அவ்விரல் வானை நோக்கி நீண்டால் அசையாமல் நிற்கும்.

இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. நடுக்குவாதம் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

(நாங்கள் என்று எழுதுவது பத்திரிகையாசிரியர்களின் பன்மை அன்று. உடன்பிறந்தோர் இருவர், ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் போடியில் ஏலக்காய் வணிகரிடம் கணக்கெழுதுபவர். இதில் யார் எந்தத் திருகாணியை முறுக்கினோம் என்று இனிப் பிரித்துச் சொல்ல இயலாது.)

நான்கு அங்குல வில்லை கொண்ட தொலைநோக்கி ஒன்றை, மோட்டார் பொருத்திய தாங்கியோடு, ஒருவர் பயன்படுத்தியபின் விற்ற விலைக்கு வாங்கினோம். அதை மாடியில் நிறுத்திய அன்று தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பொட்டிப்புரம் எங்களுக்கு அண்டை ஊர். அங்கே நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்ததும், அதைத் தொடர்ந்த எதிர்ப்பும் இப்பக்கத்தில் எவருக்கும் மறக்கவில்லை. "நியூட்ரினோக்காரங்க சாமானாப்பா இது?" என்று ஒரு பெரியவர் ஐயத்தோடு கேட்டார். அது மலைக்கு அடியில் குடைவது, இது மேலே பார்ப்பது என்று விளக்கினோம். முழுதும் நம்பியதாகத் தெரியவில்லை.

அப்பாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துச் சென்றோம். உச்சிக்கு அருகிலுள்ள நிலவைப் பார்க்கக் குழலின் அடிப்பகுதிக்குக் குனிய வேண்டும். குனிந்தார். பிடிமானத்துக்காகக் கை குழலைப் பற்றியது. நிலவை நூறு மடங்கு பெருக்கும் கருவி நடுக்கத்தையும் நூறு மடங்கு பெருக்கும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. "துள்ளுதப்பா," என்றார். கையை எடுத்துக்கொண்டார். பிறகு கீழே இறங்கிவிட்டார்.

மறுநாள் நிலவைக் கைபேசியில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினோம். "படந்தான்னா காலண்டர்லயே இருக்கேப்பா." அவருக்கு வேண்டியது படம் அன்று, தாமே திருப்பித் தேடிப் பார்ப்பது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தொடாமல் திருப்ப வேண்டும். அதற்கு ஒரு கணினி வேண்டும்.

தொலைநோக்கியைத் தொடாமல் திருப்புவது இந்நாட்டில் புதிதன்று. லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது. மூச்சு முட்டும் உயரம், எலும்பை உறைய வைக்கும் குளிர். எனவே 2001 முதலே பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயில் அமர்ந்து, செயற்கைக்கோள் இணைப்பின் வழியே அதை இயக்கி வருகிறார்கள். அங்கிருந்து பார்ப்பதும் பார்ப்பதுதானா என்று எவரும் வழக்காடியதாகத் தெரியவில்லை. எங்களுக்கு மாடியிலிருந்து கூடம் வரை வந்தால் போதும். (பாகன் செலுத்தாமலே செல்லும் வான ஊர்தியைப் புறநானூறு அன்றே பேசியது என்று இவ்விடத்தில் சொல்லாமற்போனால் தமிழாசிரியர் கூட்டத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். சொல்லியாயிற்று, மேலே செல்வோம்.)

வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அதில் லினக்ஸை ஏற்றினோம். காசு கொடுக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் இண்டி என்னும் ஏற்பாடு. எல்வுட் டவுனி என்பவர் வகுத்த நெறிமுறை அது. தாங்கி, கேமரா முதலிய ஒவ்வொரு கருவிக்கும் அதன் மொழியறிந்த ஓர் இயக்கி உண்டு. இயக்கிகளையெல்லாம் ஒரு வழங்கி கட்டி மேய்க்கும். கட்டளையிடும் நிரல் வேறு அறையில், வேறு கணினியில் இருக்கலாம். ஆகவே மாடியில் தாங்கியோடு கைக்கடக்கமான ராஸ்ப்பெரி பை ஒன்றை வைத்தோம். கீழே அப்பாவின் கட்டிலருகே மடிக்கணினி. அதில் கேஸ்டார்ஸ் என்னும் வான வரைபட நிரல். இரண்டுக்கும் இடையே வைஃபை.

லினக்ஸில் கருவிகூட ஒரு கோப்பாகவே தோன்றும். அதில் எழுதினால் மோட்டார் திரும்பும். எழுத்தைக் கொண்டு பிழைப்பவர்களுக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி உண்டோ? ஆனால் முதல் கட்டளைக்கே 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று விடை வந்தது. டயல்அவுட் என்னும் குழுவில் எங்கள் பெயரைச் சேர்த்தால்தான் அந்தத் துறையைத் தொட விடுமாம். தொலைபேசி வழியே இணையத்தை அழைத்த காலத்துப் பெயர். கணினிக்குள்ளும் வழக்கொழிந்த சொற்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

அடுத்தது துருவ மீன். தாங்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அதற்குத் துருவ மீனைக் குறிவைக்கச் சொல்லும் எல்லா நூல்களும். நம் அட்சரேகை பத்துப் பாகை, ஆதலால் துருவ மீனும் அடிவானிலிருந்து பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும். அவ்வுயரத்தில் எங்களுக்குத் தெரிவது பக்கத்து வீட்டுத் தென்னை; அது விலகிய இடத்தில் புழுதி மூட்டம். தெற்கே உச்சிக்கோட்டருகில் ஒரு விண்மீனைப் பிடித்து, அது வடக்கே நழுவுகிறதா தெற்கே நழுவுகிறதா என்று பார்த்து அச்சை இடவலமாகத் திருத்தினோம். பின் கிழக்கே ஒன்றைப் பிடித்து மேல்கீழாகத் திருத்தினோம். மூன்று இரவுகள் சென்றன.

எல்லாம் முடிந்தும் சனி அகப்படவில்லை. கண்வில்லை இருக்கும் இடத்தில் கேமராவைப் பொருத்தியிருந்தோம். அதன் பார்வைப்பரப்பு மிகச் சிறியது. சற்றே பிசகினாலும் வெறும் கறுப்புத்தான். ஒரு வாரம் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மடிக்கணினியின் கடிகார மின்கலம் செத்திருந்ததால் ஒவ்வோர் இரவும் நேரத்தை நிரலில் நாங்களே இடுவது வழக்கம். ஊர் விவரத்தில் நேர மண்டலம் என்ற கட்டத்தில் 5.30 என்று எழுதியிருந்தோம். ஐந்து மணி முப்பது நிமிடம் என்பது எங்கள் எண்ணம். நிரல் அதைத் தசமமாகப் படித்தது. எழுத வேண்டியது 5.5. வேறுபாடு 0.2 மணி, அதாவது பன்னிரண்டு நிமிடம். அதற்குள் வானம் மூன்று பாகை நகர்ந்துவிடும். ஆறு முழுநிலவை வரிசையாக வைத்த அகலம். ஒரு வாரமாகச் சனிக்கு மேற்கே மூன்று பாகை தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தை மிகத் துல்லியமாகப் பார்த்திருக்கிறோம்.

பிழையைத் திருத்தியபின் ஒரு காப்பும் செய்துகொண்டோம். துணைக் குழலிலுள்ள மற்றொரு கேமரா ஒரு படமெடுக்கும். அதிலுள்ள விண்மீன்களை நான்கு நான்காகச் சேர்த்து, அவை அமைந்த வடிவத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு, வானின் எந்த இடம் என்பதை நிரல் சொல்லிவிடும். அட்டவணையை முன்பே இறக்கி வைத்தால் இணையம்கூட வேண்டாம். செல்லரித்த ஏட்டில் எஞ்சிய நாலு எழுத்தைக் கொண்டு இன்ன பாட்டு என்று சொல்லும் பதிப்பாசிரியரின் வேலைதான்.

எஞ்சியது அப்பாவின் விரல். நான்கு அம்புக்குறி விசைகளுக்கும் சிறு கட்டளைகளை எழுதினோம்: அழுத்தினால் தாங்கி சிறிது நகர்ந்து தானே நின்றுவிடும். ஆனால் நடுங்கும் விரல் ஒருமுறை அழுத்தினால் விசை நான்குமுறை விழும். அதற்கும் லினக்ஸிலேயே ஒரு வசதி இருந்தது. ஒரே விசை மிக விரைவில் மறுபடி அழுத்தப்பட்டால் அதைக் கணக்கில் கொள்ளாதே என்று சொல்லி வைக்கலாம். நடுக்கம் உள்ளவர்களை நினைத்து எவரோ எங்கோ எழுதி வைத்திருக்கிறார்.

2025 டிசம்பரில் மழை விட்ட ஓர் இரவு. ஏழு மணிக்குச் சனி உச்சிக்கு அருகில் இருந்தது. அவ்வாண்டு மார்ச் 23 அன்று பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. ஆண்டின் இறுதியிலும் வளையம் விளிம்பாகவே, ஒரு கோடு போலத் தெரிந்தது. கோளைத் திரையின் ஓரத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டு, விசைப்பலகையை அப்பாவின் மடியில் வைத்தோம். குச்சனூர்க் கோயிலுக்கு எத்தனையோ சனிக்கிழமை போய் வந்தவர். முதல் விசை தவறான பக்கம். இரண்டாவதும். பிறகு விரலைத் தூக்கி வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினார். மாடியில் மோட்டார் முனகுவது கீழே வரை கேட்டது. சனி மெல்ல நகர்ந்து நடுவுக்கு வந்து நின்றது.

"ஏலக்காயில ஊசி கோத்தாப்புல இருக்கு," என்றார். வளையம் எந்த ஆண்டில் விரியும் என்று விளக்கத் தொடங்கினோம். அவர் கேட்கவில்லை. கிழக்கு விசையை அழுத்திக்கொண்டிருந்தார். சனி திரையை விட்டு வெளியேறியது.

"எங்கப்பா போறீங்க?"

"ஆறாமீனுக்கு."

இந்த வேகத்தில் விடிந்துவிடும் என்றோம். வரைபடத்தில் ஒரு சொடுக்கில் போய்விடலாம் என்பதையும் சொன்னோம். "விடியட்டும்," என்று சொல்லி அடுத்த விசையை அழுத்தினார்.