காடு எரியும்போது பழி யார் மேல் விழுகிறது?

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நம் கைபேசிகளுக்கு இரண்டு வகைச் செய்திகள் வந்துவிடும். ஒன்று, உலகத்தில் எங்கோ எரியும் காட்டைக் காட்டி, "இது தானாகப் பிடித்த தீ இல்லை, வானத்திலிருந்து லேசர் அடித்து எரிக்கிறார்கள்" என்று சொல்லும். இன்னொன்று, நம் பக்கத்து மலை எரிவதைக் காட்டி, "ஆடு மேய்க்கிறவனும் மலைவாசியும் கொளுத்திவிட்டான்" என்று சொல்லும். முதல் கதையில் குற்றவாளி யார் கண்ணிலும் படாத ரகசியக் கூட்டம். இரண்டாவது கதையில் குற்றவாளி எதிர்த்துப் பேச வழியில்லாத ஏழை.

எதிரெதிர்க் கதைகள் போலத் தெரிந்தாலும் இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். பதில் சொல்ல வேண்டியவர்களைக் கூண்டில் ஏறவிடாமல் காப்பாற்றுகின்றன. அதனால்தான் இதை வெறும் 'வாட்ஸ்அப் வதந்தி' என்று தள்ளிவிடாமல் இங்கே எழுதுகிறோம்.

தெள்ளாரில் மாலை நேரத்தில் எங்களிடம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் தறிக் கூலி, செங்கல் சூளை, நூறு நாள் வேலை என்று ஓடும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களில் பத்தாவது படிக்கும் ஒரு தம்பி ஒருநாள் கைபேசியை நீட்டினான். "அண்ணா, இதைப் பாருங்க. ஹவாய்ல ஊரே எரிஞ்சிபோச்சி, நீலக் கலர் அடிச்ச வீடு மட்டும் எரியல. லேசருக்கு நீலம் எரியாதாம்." பக்கத்தில் இருந்த தங்கச்சி உடனே கேட்டாள்: "நீலம் எரியாதுன்னா நம்ம கொடிய கூரை மேல போத்தினா போதுமே. தருமபுரியில அவ்ளோ வீடு எரிஞ்சிருக்காதே?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவனுடைய சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. வசதியும் கௌரவமும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அந்த நெருப்புக்கு நியாயம் கற்பிக்கப் பயன்பட்டதே 'நாடகக் காதல்' என்ற சதிக்கதைதான். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே ஊரின் தலித் இளைஞர்கள் மூவரையே குற்றவாளிகள் என்றது.

இவ்வளவையும் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளை, அரசாங்கம் சொல்லும் காரணத்தை அப்படியே விழுங்காமல் இருப்பது அறிவுதான். சந்தேகம் நமக்குப் பாட்டன் பூட்டன் விட்டுப்போன சொத்து. நாங்கள் கேட்பதெல்லாம், அந்தச் சொத்தை யாரோ ஒருவர் வியூஸ் வாங்குவதற்காக ஏன் வாரி இறைக்க வேண்டும் என்பதுதான்.

ஹவாயில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்ட் 8 அன்று மாவி தீவின் லஹைனா நகரம் எரிந்து சுமார் 100 பேர் இறந்தார்கள். லேசர் என்று சுற்றிய படங்களில் ஒன்று, 2018இல் கலிபோர்னியாவில் ஏவப்பட்ட ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட்டின் படம். சரி, உண்மையில் என்ன நடந்தது? பலத்த காற்றில் மின்கம்பிகள் அறுந்து விழுந்தன. அவற்றில் மீண்டும் மின்சாரம் பாய்ந்தபோது காலையில் தீப்பிடித்தது. அணைந்துவிட்டதாக நினைத்த அந்தத் தீயின் கங்குதான் பிற்பகலில் மறுபடி மூண்டு ஊரைத் தின்றது. விசாரணை அறிக்கை 2024 அக்டோபரில் இதைச் சொன்னது. ஆபத்துக் காலத்துக்கென்று ஊரில் நிறுத்தியிருந்த சைரன்கள் அன்று ஒலிக்கவே இல்லை.

அதற்கும் பின்னால் ஒரு நிலத்தின் கதை இருக்கிறது. லஹைனாவைச் சுற்றியிருந்தது நூறாண்டுக்கும் மேலாகக் கரும்புத் தோட்டம். முதலாளிகள் ஆற்றுத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பினார்கள். லாபம் போனதும் தோட்டத்தைக் கைவிட்டுப் போனார்கள். தரிசாகக் கிடந்த நிலத்தில் வெளியிலிருந்து வந்த புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காய்ந்து கிடந்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகளிடம் கேட்டால் நிலம், தண்ணீர், மின் நிறுவனம், அரசு என்று வரிசையாகச் சொல்வார்கள். லேசர் கதையில் இவற்றில் ஒன்றுக்காவது இடம் உண்டா? தோட்ட முதலாளியும் மின் நிறுவனமும் விரும்பினாலும் இதைவிட வசதியான கதையைத் தங்களுக்காக எழுதிக்கொள்ள முடியாது.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோது வந்த கதை நமக்கு இன்னும் பழக்கமானது. தீயணைப்புத் துறையில் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்த்ததால்தான் தீயை அணைக்க முடியவில்லை என்று கோடீஸ்வரர்களே பதிவு போட்டார்கள். நகரத் தீயணைப்புத் துறையின் தலைவராக அப்போது இருந்தவர் ஒரு பெண். மணிக்கணக்கில் சூறாவளி போல் வீசிய காற்றில் தண்ணீர் கொட்டும் விமானங்கள் பறக்கவே முடியவில்லை என்பது அவர்களுக்குப் பொருட்டாக இல்லை. 'கோட்டாவில் வந்தவன் கட்டிய பாலம் இடியும், கோட்டாவில் வந்த டாக்டர் கையில் நோயாளி சாவான்' என்று நாம் கேட்டு வளர்ந்த அதே பாட்டு, ஆங்கிலத்தில்.

அதே வாரத்தில் பேசியிருக்க வேண்டிய சேதி வேறு. அல்டடீனா என்ற பகுதியின் மேற்குப் பாதியில் கறுப்பின மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். மற்ற இடங்களில் அவர்களுக்கு வீடு மறுக்கப்பட்ட காலத்தில் அங்கேதான் வாங்க முடிந்தது. ஈட்டன் தீயின்போது, கிழக்குப் பாதிக்கு வெளியேறும் உத்தரவு வந்து பல மணி நேரம் கழித்தே மேற்குக்கு வந்தது. அந்தத் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மேற்கு அல்டடீனாவைச் சேர்ந்தவர்கள். ஊருக்கு முதலில், சேரிக்குக் கடைசியில். இதைப் புரிந்துகொள்ள நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

இப்போது நம் மலைகளுக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். நியூட்ரினோ திட்டத்துக்காகவே காட்டைக் கொளுத்தினார்கள் என்று ஒரு குரல் பதிவு அப்போது எங்களுக்கும் வந்தது. மலைவாசிகள் வைத்த தீ என்று இன்னொன்று வந்தது. ஆனால் அன்று மாலை புகைக்குள் முதலில் இறங்கியவர்கள் அந்த மலையின் கிராமத்துக்காரர்கள்தான். எரிந்த உடல்களைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தவர்களும் அவர்கள்தான்.

"இந்தியாவில் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதர்களால்தான் பிடிக்கிறது, அப்புறம் காலநிலை மாற்றம் எங்கே வந்தது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கேள்வியின் முதல் பாதி உண்மை. அணையாத பீடி, சருகில் வைத்த நெருப்பு, உரசும் மின்கம்பி என்று பொறிக்குக் காரணம் பல. ஆனால் பொறி வேறு, பரவுவது வேறு. அடுப்புப் பொறி எல்லா வீட்டிலும்தான் பறக்கிறது. ஈரக் கூரையில் விழுந்தால் அணைகிறது, காய்ந்த ஓலையில் விழுந்தால் தெருவே போகிறது. பூமி சூடாவது அந்தக் கூரையைக் காய வைக்கும் வேலை. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், தொழில்மயத்துக்கு முந்தைய காலத்தைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி அதிகம். பதிவானதிலேயே மிக வெப்பமான ஆண்டு அது.

காட்டை யார் காய்ந்த கூரையாக்கினார்கள் என்பதற்கும் பதில் இருக்கிறது. நம் காடுகளில் புதராக அடைந்து கிடக்கும் உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்தது. பிலிகிரிரங்கன் மலையின் சோளகர்கள் கோடையின் தொடக்கத்தில் தரைச் சருகில் சிறு தீ வைக்கும் வழக்கம் உள்ளவர்கள். அந்தத் தீ மரத்தைத் தொடாது. பெருந்தீ வராமல் தடுக்கும், களைச்செடியையும் அடக்கும். 1974இல் அந்த மலை சரணாலயம் ஆனது, அந்த வழக்கம் குற்றம் ஆனது. அதன்பிறகு உண்ணிச்செடி பெருகியதை அவர்கள் சொல்ல, ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். காட்டைக் காத்த அறிவைத் தடை செய்துவிட்டு, காடு எரியும்போது அந்த மக்களையே கைகாட்டுகிறோம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைப் பாதுகாக்கும் உரிமையைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. எந்தச் சதிக்கதையும் அந்தச் சட்டத்தின் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

'வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான்' என்பதும் ஒரு பொய்தான் தோழர்களே. ஆரணியைச் சுற்றிப் பட்டு நெய்கிறவர்களைக் கேளுங்கள். காற்றில் ஈரம் வற்றினால் நூல் அறுகிறது. மின்விசிறியை வேகமாக வைக்கவும் முடியாது. அடைமழை பிடித்தால் குழித்தறியில் தண்ணீர் ஊறுகிறது, வாரக்கணக்கில் கூலி இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மதியம் முழுக்க மிதிப்பலகையில் கால் வைத்திருப்பவருக்கும், அந்தப் புடவையைக் குளிரூட்டிய கடையில் விரித்துக் காட்டுகிறவருக்கும் ஒரே வெயிலா? 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு இறங்கி, 5 குழந்தைகள் உட்பட 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். 'மலைக்குக் கோபம்' என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள். சரிவில் வீடு கட்ட வேண்டிய நிலையில் மக்களை வைத்தது யார் என்ற கேள்வி மலையோடு சேர்த்துக் கும்பிடப்பட்டது.

வதந்தி ஆளையும் கொல்லும். அதற்கு ஹவாய் வரை போக வேண்டாம். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் வீடியோக்களை நம்பி, இதே மாவட்டத்தில் போளூருக்குப் பக்கத்தில் அத்திமூரில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வந்தவர் அவர். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான். 'மலைவாசி காட்டைக் கொளுத்துகிறான்' என்ற செய்தியைப் பகிரும்போது, மலையடிவாரத்தில் விறகுச் சுமையோடு வரும் ஒரு பெண்ணை அத்திமூருக்கு அனுப்புகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? அரசு சொல்வதை நம்புங்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அண்ணல் அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்னபோது அவருக்கு வயது 27. ஆட்சியாளர்கள் மேல் அவருக்கு இல்லாத சந்தேகமா? ஆனால் அவர் கையில் மக்கள்தொகைக் கணக்கும் வாக்குரிமைக் கணக்கும் இருந்தன. சந்தேகத்தை உழைப்பாக மாற்றியது அதுதான்.

நாமும் அதைச் செய்யலாம். ஒரு தீயின் படம் வந்தால், கூகுள் லென்ஸில் போட்டு எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பாருங்கள். ஒரு மலை எரிகிறது என்றால் நாசாவின் ஃபிர்ம்ஸ் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். செயற்கைக்கோள் எங்கே, எந்த நாளில் வெப்பத்தைக் கண்டது என்று இலவசமாகத் தெரியும். தீத்தடுப்புக் கோடு வெட்ட எவ்வளவு ஒதுக்கினீர்கள், தீக்காவலர்களாக எத்தனை பேரை எத்தனை மாதம் வைத்தீர்கள், என்ன கூலி கொடுத்தீர்கள் என்று வனத்துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். நம் காலனியில் குடிசை எரிந்து 'மின்கசிவு' என்று முடித்துவிட்டால், மின்கம்பியை உயர்த்தச் சொல்லி முன்பு கொடுத்த மனு எங்கே என்று கேளுங்கள். பகிரும் முன் ஒரு கேள்வியை மட்டும் மறக்காதீர்கள்: இந்தக் கதையை நான் நம்பினால் யார் தப்பிக்கிறார்கள், யார் மாட்டுகிறார்கள்?

லேசர் வீடியோ காட்டிய அந்தத் தம்பி இப்போது, தன் தெருவில் கூரையைத் தொட்டுக்கொண்டு போகும் மின்கம்பிகளைப் படம் எடுத்து, வீட்டு எண்ணோடு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறான். 11 வீடுகள் முடிந்திருக்கின்றன. தெரு முழுதும் முடிந்ததும் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். உங்கள் ஊரிலும் தொடங்குங்கள், கிடைத்ததை எங்களுக்கு எழுதுங்கள்.

ஜெய்பீம்.