சாவிக் கடிகாரமும் அதைத் திறக்கும் கைகளும்

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961ஆம் ஆண்டு பெங்களூருவில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016இல் மத்திய அரசு முடிவெடுத்த பின்னரும், நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய அதன் ஜனதா, பைலட் கடிகாரங்கள் குறைந்த செலவில் பழுதுபார்க்கப்பட்டு வருகின்றன. தொழிலாளர்கள் ‘மெஷின்’ என்றழைக்கும் உள்ளியந்திரம் பல மாதிரிகளுக்கும் பொதுவாக இருப்பதே இதற்கு முதற்காரணமாகும். 17 கல் கொண்ட அந்த மெஷினில், அதாவது உராய்வைக் குறைக்கும் செயற்கை மாணிக்கங்கள் பதினேழு பதிக்கப்பட்ட மெஷினில், ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் ஓடாமற்போன இன்னொரு கடிகாரத்திலிருந்து அதைக் கழற்றிப் பொருத்திவிடலாம்.

சென்னையின் பழைய கடைத்தெருக்களில் மாடிப்படிகளின் அடியிலும் நடைபாதைக் கண்ணாடிப் பெட்டிகளின் பின்னும் அமர்ந்து தொழில் செய்வோரைக் காணும்போது, செலவைக் குறைப்பது உதிரிப் பாகம் மட்டுமன்று, பழுதைப் பிரித்தறியும் திறனும்தான் என்பது புலப்படுகிறது. அளவுக்கு மீறி வேகமாக ஓடும் கடிகாரத்தைத் திறப்பதற்கு முன் அதனருகே திசைகாட்டி ஒன்றை வைத்து, ஊசி நடுங்கினால், பேலன்ஸ் சக்கரத்தை முன்னும் பின்னும் இழுக்கும் மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கலாம் என்று அறிந்துகொள்கிறார்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதால் ஸ்பிரிங்கின் செயல்நீளம் குறைவதே அவ்வேகத்துக்குக் காரணம் என்பதால், காந்தத்தை நீக்கினாலே பல நேரங்களில் வேலை முடிந்துவிடும்.

எண்ணெய் காய்ந்த கடிகாரத்தின் நிலை வேறு. மணிக்கு 18,000 துடிப்பு, நாளொன்றுக்கு 4,32,000 துடிப்பு என ஓயாது அசையும் பேலன்ஸைத் தாங்கும் அச்சின் முனை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பருமனுள்ளது. அழுக்கு அங்கே சேர்ந்தால் அது அரமாகி அச்சைத் தின்றுவிடும். ஆகவே மெஷினை முழுமையாகக் கழற்றிக் கழுவி, ஒவ்வொரு தாங்குமிடத்திலும் துளியளவு எண்ணெய் இட்டு மீண்டும் பூட்டும் ‘ஓவராயில்’ வேலையே இதற்குரிய முறையாகும். கழற்றாமலே பெட்ரோலில் முக்கியெடுத்து எண்ணெய் விடும் குறுக்குவழி சில நாள் ஓட்டத்தைத் தந்தாலும், கரைந்த அழுக்கை அச்சு முனைகளுக்கே கொண்டு சேர்ப்பதால், மலிவு என்ற பெயரில் அதை ஏற்பது கடிகாரத்துக்குச் செய்யும் தீங்காகும். கழற்றுவார்களா என்பதைக் கூலி பேசுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இக்கைத்திறனுக்கு இன்று இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முகப்புத் தகட்டுக்குப் புதுவண்ணம் பூசிப் பழைய கடிகாரமாக விற்கும் வணிகத்துக்குப் பழைய மெஷின்கள் இழுத்துக்கொள்ளப்படுவதால், பழுதுபார்ப்போரின் தகர டப்பாக்களில் உதிரிப் பாகம் அருகுகிறது. அதைவிடக் கவலைக்குரியது கூலியைக் கணக்கிடும் முறை: பூட்டி முடித்த கடிகாரத்தை முகம் மேலாகவும் கீழாகவும் சாவி கீழ்நோக்கியும் மாற்றி மாற்றி வைத்து, சரியான நேரத்தோடு ஒப்பிட்டு, விலகல் தென்பட்டால் மீண்டும் திறந்து திருத்துவதற்குச் செல்லும் இரண்டு மூன்று நாள்களின் கவனத்தை வாடிக்கையாளரும் கேட்பதில்லை, தொழிலாளரும் கூலியில் சேர்ப்பதில்லை.