உறையூரில் நான்... இடுப்பில் பம்ப்!

திருச்சிக்கு வந்தா என்ன பண்ணுவீங்க? மலைக்கோட்டை ஏறுவீங்க, ஸ்ரீரங்கத்துல ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து போட்டோ எடுப்பீங்க, பஸ் ஏறிடுவீங்க. உறையூர் பக்கம் யாராவது எட்டிப் பார்த்திருக்கீங்களா?

முற்காலச் சோழர்களோட தலைநகர், பாஸ்! ஆனா கோட்டை, அரண்மனைனு தேடினா ஏமாந்துடுவீங்க. நெருக்கியடிச்ச தெருக்கள், கைத்தறிச் சேலை, அப்புறம் சுருட்டு. 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'ல ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலை வெச்சே கண்டுபிடிப்பாரே, 'திருச்சினாப்பள்ளி' சுருட்டு... அந்தச் சுருட்டுக்குப் பேர் போன ஊர் இது. பஞ்சவர்ணசுவாமி கோயில்ல ஒரு கோழி, யானையோட சண்டை போடுற சிற்பம் இருக்கு. அதனாலதான் ஊருக்குக் கோழியூர்னும் ஒரு பேரு.

நான் போன நாள் பங்குனி ஆயில்யம். அன்னிக்கு ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் நாச்சியார் கோயிலுக்கு வந்து, கமலவல்லி நாச்சியாரோட சேர்த்தி சேவை சாதிப்பார். வருஷத்துல அந்த ஒரே நாள்தான். கூட்டம் எப்படி இருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க. கூட வந்தவ என் கிளாஸ்மேட், உறையூர்க்காரி.

வாசல்லயே ஒரு செக்யூரிட்டி அண்ணன் நிறுத்திட்டார். "ஏம்மா, இடுப்புல என்ன... பேஜரா?"

"இல்லண்ணா, இன்சுலின் பம்ப்."

"சின்னப் பொண்ணும்மா நீ... சர்க்கரையா?"

இந்தக் கேள்வி எனக்கு அத்துப்படி. பதினொரு வயசுல வந்தது, டைப் 1. அதிகமா ஸ்வீட் சாப்பிட்டு வர்றது இல்லீங்க. உடம்போட பாதுகாப்புப் படையே இன்சுலின் சுரக்கிற செல்களை எதிரின்னு நினைச்சு அழிச்சிடும். அப்புறம் ஆயுசுக்கும் வெளியில இருந்துதான் இன்சுலின். என் பம்ப் அதைச் சொட்டுச் சொட்டா அனுப்பிக்கிட்டே இருக்கும். பம்ப்ல இருந்து ஒரு மெல்லிய டியூப். அதோட நுனியில வயித்துத் தோலுக்குள்ள போற குட்டி பிளாஸ்டிக் குழாய், கானுலா. இந்த செட்டை ரெண்டு, மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும். நான் அன்னிக்கு அஞ்சாவது நாளா ஓட்டிக்கிட்டிருந்தேன். சோம்பேறித்தனம் இல்ல. ஒவ்வொரு செட்டும் அப்பா கைக்காசு.

கியூல ஒன்றரை மணி நேரம். வியர்வையோ வியர்வை. தரிசனம் முடிஞ்சு பிரசாதமா சர்க்கரைப் பொங்கல். கணக்குப் போட்டு பம்ப்ல பட்டனைத் தட்டினேன். 'டெலிவர்டு'ன்னு காட்டிச்சு. நெய் சொட்டச் சொட்ட... நியாயமா சொல்றேன், அந்தப் பொங்கலுக்கு எந்த ரிஸ்க்கும் எடுக்கலாம்!

ரெண்டு மணிக்குத் தாகம். ஒரு பாட்டில் தண்ணி காலி, இன்னொண்ணும் காலி. மீட்டர்ல பார்த்தா 310. பொங்கல் வேலையைக் காட்டுதுன்னு பம்ப்லயே கூடுதல் டோஸ் போட்டேன். மூணு மணிக்கு 388. வயித்தைப் பிரட்டுது. பம்ப்போ ஒரு 'பீப்' கூட இல்லாம சமர்த்தா உட்கார்ந்திருக்கு.

அப்பதான் மூக்குல ஏறிச்சு, ஆஸ்பத்திரி வாசனை. இன்சுலின்ல கலக்கிற கிருமி தடுப்பு மருந்தோட வாசனை அது. சுடிதார் டாப்ஸ் நனைஞ்சிருந்தது. கூட்டத்துல யாரோ இடிச்சதுல, வியர்வையில ஒட்டு விட்டுப்போய் கானுலா கழன்டிருக்கு. நான் போட்ட டோஸ் எல்லாம் துணிக்கு!

பம்ப் ஏன் கத்தலை? இன்ஜினீயரிங் மக்களே, இது உங்களுக்கு. உள்ளே ஒரு மோட்டார் பிஸ்டனைத் தள்ளுது. டியூப் அடைச்சா அழுத்தம் ஏறும், அலாரம் அடிக்கும். கானுலா வெளியே வந்துட்டா அழுத்தமே இல்லை, பம்ப்புக்கு ஏக சந்தோஷம். எவ்வளவு தள்ளினோம்னு அதுக்குத் தெரியும். உடம்புக்குப் போச்சான்னு தெரியாது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிக்கிற அதே ஓப்பன் லூப்! சென்ஸார் வெச்ச புது மாடல்கள் 'சர்க்கரை ஏறுது'ன்னாவது கத்திடும். என்னோடது பழசு.

இதுல ஆபத்து என்னன்னா, பம்ப்ல இருக்கிறது வேகமா வேலை செஞ்சு சீக்கிரம் தீர்ந்துபோற இன்சுலின் மட்டும்தான். சப்ளை நின்னா சில மணி நேரத்துல உடம்புல ஸ்டாக் காலி. சர்க்கரையை எரிக்க முடியாம உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும், ரத்தத்துல கீட்டோன் அமிலம் சேரும். வாந்தி, மூச்சிரைப்பு, அடுத்து ஐ.சி.யூ. அதனால சந்தேகம் வந்துட்டா பம்ப்பை நம்பக் கூடாது. ஊசியில போட்டுட்டு செட்டை மாத்தணும்.

ஊசி எங்கே? மாத்து செட் எங்கே? 'கூட்டத்துல பெரிய பை எதுக்கு'ன்னு எல்லாத்தையும் ஸ்ரீரங்கத்து வீட்டுலயே வெச்சுட்டு வந்த அறிவாளி நான்தான்.

தோழியோட ஸ்கூட்டியில முதல் மெடிக்கல் ஷாப். கடைக்காரர் நீட்டினது சிவப்பு மூடி சிரிஞ்ச். "அண்ணா, ஆரஞ்சு மூடி வேணும்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா!"

ஒண்ணு இல்லீங்க! நம்ம நாட்டுல ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற இன்சுலினும் விக்குது, 100 யூனிட்டும் விக்குது. சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. பம்ப்புக்கு 100தான். சிவப்பு மூடி சிரிஞ்சுல 10ங்கிற கோடு வரைக்கும் இழுத்தா கால் மில்லி. அதுல 100 யூனிட் மருந்துன்னா உள்ளே போறது 25 யூனிட்! ரெண்டரை மடங்கு! சர்க்கரை சரிஞ்சு மயக்கமாகி விழ அது போதும். தலை சுத்துற நேரத்துலயும் அந்தக் கணக்கு ஞாபகம் வந்ததே பெரிய விஷயம்.

நல்லவேளை, பக்கத்துலயே தில்லைநகர். ஆஸ்பத்திரியும் மருந்துக்கடையுமா இருக்கிற ஏரியா. ரெண்டாவது கடையிலேயே ஆரஞ்சு மூடி, என் இன்சுலின், கீட்டோன் பார்க்கிற சிறுநீர் ஸ்ட்ரிப் மூணும் கிடைச்சது. தோழி வீட்டுல போய்ப் பார்த்தா ஸ்ட்ரிப் நிறம் மாறுது. என் டாக்டருக்கு போன் போட்டு, அவர் சொன்ன அளவு ஊசி போட்டுட்டு, சொம்பு சொம்பா தண்ணி குடிச்சேன். தோழியோட பாட்டிக்கு ஒரே சந்தேகம். "வெல்லம் போட்ட பொங்கல்தானேடி, வெல்லம் ஒண்ணும் பண்ணாதே?" பாட்டி, வெல்லமும் சர்க்கரைதான்!

அஞ்சரைக்கு 262. இறங்குது. புது செட் வீட்டுலதான் இருக்கு, கிளம்பினோம். வழியில வெக்காளியம்மன் கோயில். கருவறைக்குக் கூரை கிடையாது. வெயில், மழை எல்லாம் அம்மன் மேலயேதான். வேண்டுதலைத் தாள்ல எழுதிச் சூலத்துல கட்டுவாங்க. எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்ச வாரம் அம்மா இங்கே வந்து ஒரு தாள் கட்டினாங்க. என்ன எழுதினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. ஸ்கூட்டியில இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டுட்டுப் பறந்தோம்.

உறையூர் போயிட்டு வந்த நம்பெருமாளை ஸ்ரீரங்கத்துல ரங்கநாயகித் தாயார் சும்மா விடமாட்டாங்க. மூணு நாள் கழிச்சு, பங்குனி உத்திரத்தன்னிக்குக் கதவைச் சாத்தி மட்டையடி நடத்துவாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரியே நடந்தது. கதவைத் திறந்த அம்மா கையில, நான் விட்டுட்டுப் போன எமர்ஜென்சி பை!