‘லி’ என்னும் ஈறு

தமிழாசிரியனுக்கு ஆங்கில இலக்கணத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவுவதுண்டு. தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் பலர், தம் ஆங்கில விண்ணப்பத்தை முதலில் காட்டுவது தமிழாசிரியரிடமே என்பதை அவர்கள் அறியார். ஆங்கிலத் துறையின் வாயிலை மிதிக்க அவர்களுக்குக் கூச்சம்.

சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவர் ஒருவர், உதவித்தொகை வேண்டி எழுதிய மடலுடன் வந்தார். விடியற்காலையில் வீடுவீடாகப் பால் ஊற்றிவிட்டு வகுப்புக்கு வருபவர். மடலில் ‘ஐ ஹார்ட்லி ஒர்க்டு’ என்றிருந்தது. கடுமையாக உழைத்தேன் என்பது அவர் கருத்து. உழைக்கவே இல்லை எனலாம் என்பது அத்தொடரின் பொருள். மூன்றாண்டு உழைப்பை ஓர் ஈறு துடைத்துவிட்டது! மறுநாளே அனுப்ப வேண்டிய மடல் அது. ‘ஐ ஒர்க்டு ஹார்ட்’ என்று மாற்றிக் கொடுத்தேன். “‘ஆக’ இல்லாமலா, ஐயா?” என்றார்.

அவர் கேட்டதில் முறை உண்டு. கடுமை என்பதோடு ‘ஆக’ சேர்ந்து கடுமையாக என வினையடை பிறக்கிறது. ‘ஸ்லோ’ என்பது ‘ஸ்லோலி’ ஆவதைக் கண்டவர் ‘ஹார்ட்’ என்பதற்கும் அவ்விதியையே கொண்டார்.

பழைய ஆங்கிலத்தில் பெயரடையோடு எகரம் சேர்த்து வினையடை ஆக்கினர். நாளடைவில் அவ்வீற்றொலி தேய்ந்து மறைய, பெயரடையும் வினையடையும் ஒரே வடிவாயின. ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ ஆகியவை அவ்வாறு நின்றவை. ‘லி’ வேறு வழியில் வந்தது. உடல், வடிவு எனப் பொருள்பட்ட பழஞ்சொல் ஒன்றின் தேய்வு அது. பெயரோடு சேர்ந்தால் அது பெயரடையையும் ஆக்கும். ‘ஃபிரண்ட்லி’ வினையடை அன்று. ‘ஹார்ட்லி’ என்பதும் முற்காலத்தில் கடுமையாக என்றே பொருள்பட்டது. அம்மாணவர் சில நூற்றாண்டுகள் முன்னரே பிறந்திருந்தால் என் திருத்தம் வேண்டியிராது!

இன்று வடிவத்தோடு இடமும் பொருளைக் காட்டுகிறது. ‘ஹார்ட்’ வினைக்குப் பின் நிற்கும். ‘ஹார்ட்லி’ பெரும்பாலும் வினைக்கு முன் நிற்கும். ‘லேட்’ தாமதமாக, ‘லேட்லி’ அண்மைக் காலமாக. தமிழிலும் ‘மெல்ல’, ‘நன்கு’ என்பன ‘ஆக’ ஏலாமலே வினையடையாகின்றன. இதை எடுத்துக்காட்டிய பின்னரே மாணவர் ஆங்கிலத்தை நம்பத் தொடங்குகின்றனர்.

‘லி’ சேர்த்தால் வினையடை என்று ஒரே வரியில் முடிக்கும் கையேடுகள் பல. அவ்வரியின் கீழ் ஹார்ட், ஃபாஸ்ட், லேட் என்னும் மூன்றையேனும் தனியே அச்சிட்டால் எத்தனையோ விண்ணப்பங்கள் பிழைக்கும்.