உத்தரத்துக்குள் ஒளிந்த இரும்பு

கெடா மாநிலம் மஹாங்கில் பெங்ஹுலு அபு செமான் என்ற ஊர்த் தலைவருக்கு ஒரு மரவீடு இருந்தது. 1990களில் அதைப் பாடான் வாரிசான் மலேசியா அமைப்பு பிரித்து எடுத்துவந்து, கோலாலம்பூர் ஜாலான் ஸ்தோனரில் மறுபடி நிறுத்தியது. மரபான மலாய் வீடு இப்படி இடம்பெயரக்கூடியதுதான். தூணில் துளை, உத்தரத்தில் கழுந்து, இறுக்குவதற்கு ஓர் ஆப்பு. ஆப்பைத் தட்டிவிட்டால் சட்டம் கழன்றுவரும். இந்தப் பொருத்துக்கு மலாயில் 'தங்கம்' என்றே பெயர்.

இன்று ஜெஞ்சாரோம் போன்ற ஊரில் வீட்டு முன்வாசலுக்கு மரக்கூரை போடுகிறவருக்கு அந்தக் கைவேலை எளிதில் கிடைப்பதில்லை. இரும்புத் தகடும் போல்ட்டும்தான் வழி. அவற்றை வெளியே தெரியாமல் வைக்கவும் முறை உண்டு. உத்தரத்தின் முனையில் காடி அறுத்து, தகட்டை உள்ளே செருகி, குறுக்கே எஃகுக் கம்பிகளை அடித்து, துளைவாயை மரக்கட்டையால் அடைத்துவிடுவார்கள்.

அழகு மட்டுமே இதற்குக் காரணமில்லை. சுமார் 600 டிகிரி செல்சியசில் எஃகு தன் வலுவில் பாதியை இழக்கும். கடின மரமோ நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் கரியாகும். அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். தகட்டைச் சுற்றிப் போதிய கனத்துக்கு மரம் இருந்தால், தீயில் அதுவே இரும்புக்குக் கவசம்.

ஆனால் மறைத்த இடத்தில்தான் தவறும் மறையும். காயும்போது மரம் அகலவாக்கில் சுருங்கும், இரும்பு அசையாது. உத்தரத்தின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் கம்பியடித்து இறுக்கினால், நடுவே மரம் வெடிக்கும். கம்பிகளை நெருக்கி வைக்க வேண்டும், அல்லது தகட்டின் துளையை நீள்வட்டமாக வெட்ட வேண்டும்.

ஈரமும் பகைதான். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கு இந்த வேதியியல் தெரியும்: துவர்ப்புள்ள ஈரமரத்தில் வெறும் இரும்பு பட்டால் கருங்கறை படரும். நாகம் பூசிய எஃகோ, துருப்பிடிக்காத எஃகோதான் அங்கே நிற்கும்.

மலேசியாவில் மரக் கட்டுமானத்துக்கான எம்எஸ் 544 தரவிதியில் இணைப்புகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பொறியாளரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். துளைவாயை அடைக்கும் நாளில் கட்டாயம் அங்கே இருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டு வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள். பிற்பாடு பழுதுபார்க்க வரும் தச்சருக்கு அந்தப் படம்தான் வழிகாட்டும்.